அளவெடுக்கும் நாள்

"கல்யாணமாகி முழுசா ஒரு வருஷம் ஆகலை. அதுக்குள்ள மார்பைப் பெரிசாக்கணுமாம்!"

டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டே நர்ஸம்மா முணுமுணுத்தாள்.

ரிசப்ஷன் பெண் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "அக்கா, அந்தப் பொண்ணு வந்து..."

"எல்லாம் தெரியும், போடி. புருஷன்காரன் ஆசையா இருக்கும்."

புருஷன்காரன் வெளி பெஞ்சில் இரண்டு ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸம்மாவைக் கண்டதும் எழுந்தான்.

"நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர். எனக்கு ஒரு குறையும் தெரியலை. அதைச் சொன்னா, 'இது உங்க சமாச்சாரம் இல்லை, வெளியில உக்காருங்க'ன்னுட்டா."

அட, அப்படியா சங்கதி என்று நர்ஸம்மா உள்ளே போனாள்.

உள்ளே டாக்டரம்மா பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். எதிரில் அந்தப் பெண். இருபத்தாறு வயது. தோள் இரண்டும் முன்னால் வளைந்து, கேள்விக்குறி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"குழந்தை எப்போ பெத்துக்கறதா இருக்கீங்க?"

"அவங்க வீட்ல, எங்க வீட்ல, எல்லாருக்கும் உடனே வேணும். எனக்கும் ஆசைதான் டாக்டர்."

"அப்படின்னா கொஞ்சம் யோசிங்க. கர்ப்பத்துல மார்போட வடிவம் மாறும். இப்ப செஞ்சா, பின்னாடி மறுபடி கத்தி வைக்க வேண்டி வரலாம். பால் பெரும்பாலும் வரும். ஆனா எல்லாருக்கும் போதுமான அளவு வரும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. பெத்து, பால் கொடுத்து, நிறுத்தி ஆறு மாசம் கழிச்சு வந்தா நல்லது. முடிவு உங்களுது."

"இப்ப செஞ்சுக்கிட்டு, குழந்தையை ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா?"

"அதுவும் செய்யலாம். முதல்ல அளவு எடுத்துடலாம்."

டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போக, நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டாள். அந்தப் பெண் சட்டையைக் கழற்றிக் கண்ணாடி முன் நின்றாள். நின்றாள் என்ன, சுருண்டாள்.

டேப்பின் தகர நுனியால் முதுகுத்தண்டில் ஒரு தட்டு தட்டினாள் நர்ஸம்மா. "நிமிர்ந்து நில்லும்மா." முப்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகும்.

அந்தப் பெண்ணுக்கு உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது.

"ஏம்மா, தங்கமாட்டம் புருஷன். பிள்ளையையே தள்ளிப் போடற அளவுக்கு இதுல அப்படி என்ன அவசரம்?"

"இந்தக் கூனோட என் குழந்தையைத் தூக்க வேண்டாம்னு பார்க்கறேன் சிஸ்டர்."

"கூனுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"பன்னிரண்டு வயசுல பள்ளிக்கூடத்துல உடம்புப் பரிசோதனை. நாப்பது பொண்ணுங்க வரிசையில நின்னோம். அளவெடுத்த அம்மா என்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, 'என்னடி, கடவுள் உனக்கு ரெண்டு பக்கமும் முதுகையே வெச்சுட்டாரா?'ன்னாங்க. வரிசையே சிரிச்சுது. பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் என் பேர் ரெட்டை முதுகு. அன்னிக்கு வளைஞ்ச தோள்தான்."

நர்ஸம்மாவின் கையிலிருந்து டேப் நழுவித் தரையில் சுருண்டது.

இந்த ஆஸ்பத்திரிக்கு வருமுன் பதினோரு வருஷம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் அளவெடுத்தவள் அவள். அந்த வேடிக்கை அவளுடைய சொந்தச் சரக்கு. எத்தனை வரிசையில் சொல்லியிருப்பாள், எத்தனை பெண்களிடம் சொல்லியிருப்பாள், கணக்கே கிடையாது. ஒரு முகம்கூட ஞாபகம் இல்லை.

"ஆனா அவங்க கெட்டவங்க இல்லை சிஸ்டர். அன்னிக்கு ஊசிக்குப் பயந்து நாலஞ்சு பேர் அழுதுட்டிருந்தாங்க. அவங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாங்க. இப்ப புரியுது."

நர்ஸம்மா கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்தம்மாவை... இப்ப பார்த்தா உனக்கு அடையாளம் தெரியுமா கண்ணு?"

"தெரியாது சிஸ்டர். பதினாலு வருஷம் ஆயிடுச்சே."

அப்பாடா என்று இருந்தது. அப்படித் தோன்றியதே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. குனிந்து டேப்பை எடுத்தாள். சொல்லிவிடலாமா? நாக்கு அந்த அளவுக்கு நீளவில்லை.

"அந்தம்மா சார்பில... நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்மா."



அந்தப் பெண் மெதுவாகத் திரும்பினாள். பழைய பூட்டு ஒன்று திறந்துகொள்கிற மாதிரி, அவள் தோள்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. யாரும் தட்டவில்லை. நர்ஸம்மாவைவிட அரை சாண் உயரம் அவள்! இத்தனை நேரம் அந்த உயரம் எங்கே ஒளிந்திருந்ததோ. நர்ஸம்மா அண்ணாந்து பார்த்தபடியே நின்றாள்.

"போதும் சிஸ்டர்," என்று சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "முதல்ல பிள்ளை. பால் கொடுத்து முடிச்ச பிறகும் எனக்கு வேணும்னு தோணினா வரேன். அப்போ அது எனக்கே எனக்காக இருக்கும்."

"வா கண்ணு. நானே அளவெடுக்கறேன்."

"நீங்கதான் எடுக்கணும்," என்று சிரித்தாள்.

கண்ணாடிக் கதவு வழியே நர்ஸம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே புருஷன் ஹெல்மெட்டை நீட்டினான். அவள் நிமிர்ந்தபடியே வாங்கிப் போட்டுக்கொண்டாள். ராணி மாதிரி நடந்து போனாள்.

ரிசப்ஷன் பெண் அருகில் வந்தாள்.

"காலையில சொல்ல வந்தேன், நீங்க எங்க கேட்டீங்க? போன மாசம் விசாரிக்க வந்தப்ப, இந்தப் பொண்ணு இதே கண்ணாடி வழியா உங்களை ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னுச்சுக்கா. அளவெடுக்க நீங்கதான் வேணும்னு, நீங்க லீவு போட்ட ரெண்டு தடவையும் நாளை மாத்தி மாத்தி வாங்கிச்சு. உங்களுக்கு வேண்டப்பட்டவங்களாக்கா?"