பதினேழாம் தேதி

“நாளைக்குப் பதினேழாந்தேதி. வரலாற்றுல அன்னைக்கு என்ன நடந்துருக்குன்னு இணையத்துல பார்த்தீங்களா டீச்சர்?” என்று கேட்டார் பள்ளிக்கூட அதிபர் கந்தப்பன்.

ஜீவராணி கைப்பேசித் திரையை வெகுநேரம் தள்ளிப் பார்த்தாள். “ஒன்னுமே இல்லைங்க சேர்.”

“யாரும் பொறக்கல, சாகல?”

“இல்லைங்க.”

வரலாற்றில் ஏதாவது நடந்த நாளென்றால், அதை நினைவுகூரப் பிள்ளைகள் காலையில் மைதானத்தில் நின்று அதிபரின் உரையைக் கேட்டாக வேண்டும். மேலிடத்து உத்தரவு. டயகமவில் ஒரு வாரமாக மழை விடவில்லை. நேற்று நனைந்து நின்ற இரண்டு பிள்ளைகள் குளிரில் சுருண்டு விழுந்துவிட்டார்கள். அவள் பார்த்த பக்கத்திலோ பதினேழாம் தேதிக்கு நாற்பத்தொரு நிகழ்ச்சிகள் இருந்தன.

“அப்ப பிள்ளைங்க நேரா வகுப்புக்குப் போகட்டும். தேடியும் கிடைக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

எழுதினாள். பொய்க்குக் கையெழுத்தும் போட்டு, அதிபரின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மேசைமேல் வைத்தாள். ஜன்னல் காற்றில் காகிதம் படபடக்க, அதிபர் தம் கைப்பேசியை அதன்மேல் வைத்தார். அதில் அதே பக்கம் திறந்திருந்தது. பதினேழாம் தேதி, நாற்பத்தொரு நிகழ்ச்சிகள்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதிபர் அவள் கையெழுத்துக்குக் கீழே தாமும் கையெழுத்திட்டார்.

“பதினெட்டாந்தேதியும் ஒன்னும் இருக்காது டீச்சர். எதுக்கும் ஒருக்கா பார்த்துருங்க.”