சன்னல் சீமாட்டி

"அந்தப் பைத்தியக்காரச் சீமாட்டி வீட்டுப் பக்கம் விடுங்க. அதைப் பாக்கத்தான் மிலான்லேர்ந்து வந்தோம்," என்றாள் புதுமணப்பெண்.

படகோட்டி அல்விசே, எதிரே தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்த வயதான தம்பதியை ஓரக்கண்ணால் பார்த்தான். "இன்னிக்கு வேண்டாமே..."

"விடுப்பா, நாங்களும் பாக்கறோம்," என்றார் பெரியவர்.

வெனிஸின் குறுகலான கால்வாய் ஒன்றுக்குள் படகு திரும்பியது. அல்விசே துடுப்பை நிறுத்தி மேலே கை காட்டினான்.

"அதோ, மூணாம் மாடி சன்னல். தினம் மத்தியானம் சீமாட்டி அங்க நின்னு புரியாத பாஷையில சாபம் விடுவாங்க. கேட்டா யோகம் அடிக்கும். கொடியில தொங்கறது செத்துப்போன பிரபுவோட கால்சட்டை."

கிழவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெனிஸ்காரர்களுக்கு மட்டுமே விளங்கும் பேச்சில் வெடித்தாள்.

"அடப்பாவி! எங்க கல்யாண நாளுக்கு ஊரைச் சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து, நம்ம வீட்டையேவா காட்டறே? தினம் உன்னைச் சாப்பிடக் கூப்பிடறப்ப படகுல போறவனெல்லாம் கை தட்டினது இதுக்குத்தானா?"

ஒரு வார்த்தையும் புரியாத மிலான் ஜோடி பக்தியோடு சிலுவைக் குறி போட்டுக்கொண்டது.

"அம்மா, நிறுத்தாதே. இன்னும் கொஞ்சம் திட்டு," என்று அதே பேச்சில் கெஞ்சினான் அல்விசே.

"செத்துப்போன நான் என்னடா பண்ணட்டும்?" என்றார் அப்பா.