ராத்தாவின் பின்னறை

அசர் தொழுகைக்குப் பிறகு ஸிராஜ் சாரனை மடித்துக் கட்டிப் பின்னறைச் சுவரைத் தானே உடைக்கிறான். தங்கச்சி பஸ்னாவின் மாப்பிள்ளை வீட்டார் சீதனமாய்க் கொடுக்கும் இந்த வீட்டில் பெரிய ஹோல் கேட்டார்களாம். ஓங்கிய சம்மட்டி திடீரென்று அப்படியே நிற்கிறது. "சுவருக்குச் சலாம் சொல்லுறீங்களோ தம்பி?" என்கிறேன் பக்கத்து வீட்டிலிருந்து, மதிலுக்கு மேலால். அப்புறம்தான் பார்க்கிறேன்: சாய்ந்த வெயிலில் வரிசை வரிசையாய்க் கரிக்கோடுகள். அவனுக்கு மூத்தவள், ராத்தா முஸ்பிறா, புருசன் மௌத்தாகி நாலு மாசம் பத்து நாள் வெளியே வராமல் அந்த அறையில் இத்தா இருந்தபோது நாளுக்கொன்றாய்க் கீறியவை. "அடி தம்பி," என்கிறாள் அவள், தூசிக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே. பிறகு சுருட்டிய பாயோடு என்னிடம் வருகிறாள். "மச்சி, நான் இனி உங்கட ஊட்ட படுக்கட்டா?" பின்னறையை உடைத்தால் நல்ல ஹோல் வரும் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு யோசனை சொன்ன வாய் என்னுடையது. "ஓம், வாங்க" என்கிறேன், பாயைப் பார்த்து.