அச்சன் போயி

"யம்மா, அப்பா போயிட்டாரும்மா!"

கையிலிருந்த போன் நழுவிக் கீழே விழுந்ததைக்கூட ஜெனோவா கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கஞ்சியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்த சவரியம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

"யாருட்டி சொன்னா?"

"நர்ஸ் ஜோமோள். 'மோளே, அச்சன் போயி, வேகம் வா'ன்னு சொல்லிட்டு ஒரே அழுகை. அதுக்கு மேல பேச முடியாம வச்சிட்டா."

அச்சன் என்றால் மலையாளத்தில் அப்பா. வண்டிப்பெரியார் எஸ்டேட் லயத்தில் பிறந்து, மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த ஜெனோவாவுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முந்தாநாள் தேயிலை ஃபாக்டரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் அவள் அப்பா சூசைமணி. அப்போதிருந்து தாயும் மகளும் ஐ.சி.யூ. வாசலிலேயே பழியாய்க் கிடந்தார்கள். இன்று காலை, நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில் பூசுதல் கொடுக்க வந்த பங்குச் சாமியார் ஜிஜோ ஃபாதர்தான் இருவரையும் வீட்டுக்கு விரட்டினார். கோயில் மைதானத்தில் இளவட்டங்களோடு வாலிபால் ஆடுகிற சின்ன வயதுச் சாமியார் அவர். "போய்க் குளிச்சு, நாலு வாய் சாப்பிட்டு வாங்க. அதுவரைக்கும் சூசைமணி பக்கத்துல நான் இருக்கேன்" என்றார்.

நம்பி வந்தார்கள். வந்த இடத்தில் இப்படி ஒரு சேதி.

பக்கத்து வீட்டு மூக்கம்மாள் தலைவிரி கோலமாய் ஓடி வந்து, வாசலிலேயே ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள். அவள் புருஷன் பாண்டி ஜீப்பை எடுத்துவந்து நிறுத்தினான்.

சவரியம்மாள் மட்டும் அழவில்லை. ஃபிளாஸ்க்கின் மூடியை இறுக்கித் திருகி, மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

"கஞ்சி யாருக்கும்மா?"

"உங்கப்பாவுக்கு."

"யம்மா!"

"என் கண்ணால பாக்காம நான் எதையும் நம்ப மாட்டேன். ஆண்டவர் நம்மளக் கைவிட மாட்டாரு."

ஜெனோவாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"இன்னுமா இப்படிச் சொல்லுத? காலையில ஐ.சி.யூ. வாசல்ல முழங்கால் போட்டு, வாய்விட்டு நான் என்ன கேட்டேன் தெரியுமா? 'யாரை வேணும்னாலும் எடுத்துக்கோ ஆண்டவரே, எங்கப்பாவ மட்டும் விட்டுரு'ன்னு கேட்டேன். பின்னால நின்ன ஜிஜோ ஃபாதர் 'ஆமென்'னு வேற சொன்னாரு. என்ன ஆச்சு? உன் ஆண்டவருக்குக் காது கேட்டுச்சா?"

சவரியம்மாளின் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்படிக் கேக்கக் கூடாதுட்டி. யாரை வேணும்னாலும்னா, அவங்களும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானே?"

"எனக்கு என் அப்பாதான் பெருசு! பக்கத்துல இருக்கேன்னு சொன்ன மனுசன் ஒரு போன் பண்ணினாரா? நர்ஸ் சொல்லித்தானே நமக்குத் தெரியுது! ஆஸ்பத்திரியில வச்சு அவரை நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கல, நான் சூசைமணி மக இல்ல."

ஜீப் கோயில் வளைவில் திரும்பியபோது துக்க மணி அடிக்க ஆரம்பித்தது. பாண்டி தன்னையறியாமல் வேகத்தைக் குறைத்தான்.

"நாம இன்னும் கோயிலுக்குச் சொல்லி விடலையே" என்றாள் சவரியம்மாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து சொல்லியிருப்பாங்கம்மா."

மணி நிதானமாக அடித்துக்கொண்டே இருந்தது. சவரியம்மாள் ஃபிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அழுகைக்கு நடுவே, "ஆண்டவரு எடுத்துக்கிட்டாலும் அவரு கையை விட்டுட்டு நான் எங்கட்டி போவேன்?" என்றாள். ஜெனோவா வெளியே பார்த்தாள். இப்படிப்பட்ட பொம்பளையை என்னதான் செய்வது என்றிருந்தது அவளுக்கு.

ஐ.சி.யூ. வாசலில் கூட்டம். கன்னியாஸ்திரிகள் நாலைந்து பேர் கண்ணைத் துடைத்தபடி நின்றார்கள். தடுக்க வந்த கையைத் தட்டிவிட்டு, "அப்பா!" என்று அலறிக்கொண்டு ஜெனோவா உள்ளே ஓடினாள்.

சூசைமணி கண் திறந்து அவளைப் பார்த்தார்.

அப்பாவின் நெற்றியில் பூசிய எண்ணெய் இன்னும் மினுங்கியது. கன்னம் இரண்டும் கண்ணீரால் நனைந்திருந்தன. பின்னாலேயே வந்த சவரியம்மாள், "என் ஆண்டவரே!" என்று கட்டில் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஏன் ஜோமோள் இப்படிப் பண்ணுன? அச்சன் போயின்னு சொன்னியே!" ஜெனோவா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே கத்தினாள்.

ஜோமோள் சிரிக்கவில்லை. வீங்கிய கண்களோடு அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"எங்க வீட்டுல அப்பாவை சாச்சன்னுதான் விளிக்கும் மோளே. எங்களைப் போல மலையாள வேதக்காரங்களுக்கு அச்சன்னா கோயில்ல குர்பானைப் பூசை வைக்கிற சாமியார் அல்லே?"

"என் நெத்தியில எண்ணெய் பூசிட்டு, 'பயப்படாத'ன்னு கையைப் பிடிச்சாரு தாயி…" சூசைமணியின் உதடுகள் துடித்தன. "பிடிச்ச கை பிடிச்சபடி அப்படியே என் மேல சாஞ்சுட்டாரு."

ஜெனோவா மெல்லத் திரும்பினாள். அடுத்த கட்டிலில், காலையில் அவள் ஜெபத்துக்கு 'ஆமென்' சொன்னவர் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தார்.