கொசுறு

சாக்கைக் கவிழ்த்ததும் முதலில் உருண்டு வந்தது அதுதான்.

அவள் அதைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருப்பதில் அவளை மிஞ்ச அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது.

மூடிப்போன தியேட்டரைத் தடுப்பு வைத்துப் பிரித்து, முப்பது பழம்பொருள் கடைகள். கும்பகோணத்தில் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். பதினோராம் நம்பர் அவளுடையது. நாலு அலமாரி, ஒரு ஸ்டூல், அவ்வளவுதான்.

"தஞ்சாவூர்ச் சரக்கு, அக்கா" என்றான் சவரிமுத்து. வீடு காலி செய்கிறவர்களிடம் அள்ளிவந்து அவள் தலையில் கட்டுகிறவன். "வக்கீல் வீடு. இடிச்சுட்டு பிளாட் கட்டுறாங்களாம்."

எந்த வக்கீல் என்று அவள் கேட்கவில்லை. அந்த வீட்டில்தான் ஆறு வருஷம் குடித்தனம் பண்ணினாள். ஒரே ஒரு பையோடு வெளியே வந்தாள். சீர்ப் பாத்திரத்தைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். இரண்டு தடவையும் ஒரே பதில்தான். அப்படி ஒன்றும் இங்கே இல்லை.

இல்லையாமே!

இதோ கிடக்கிறது. நாலடுக்கு எவர்சில்வர் கேரியர். மேலடுக்கில் வெட்டிய பெயர்: திலலைநாயகி.

முதல் 'ல'வுக்குப் புள்ளி வைக்கப் பாத்திரக் கடைக்காரன் மறந்துவிட்டான். அப்பா அங்கேயே சண்டைக்குப் போனார். கல்யாணப் பெண் அவள்தான் சிரித்துக்கொண்டே அவரை இழுத்து வந்தாள்.

அவள் கை அதன் பக்கம் போகவில்லை.

ஆசையைக் காட்டினால் விலையை ஏற்றுவான். அதுகூடப் பரவாயில்லை. அக்கா பார்த்ததும் கண் கலங்கிடுச்சு என்று தஞ்சாவூர் வரை போய்ச் சொல்வான். மறுபடி கை நீட்டினாள் என்பது மட்டும் அந்த வீட்டுக்குத் தெரியவே கூடாது.

பித்தளை வெற்றிலைப் பெட்டியை எடுத்தாள். ஒரு கால் ஆடியது.

ஆட்டிக் காட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

அரைமணி நேரம் அந்த ஒற்றைக் காலை வைத்தே பேரம். சவரிமுத்து பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினான். மாதாவைக் கூப்பிட்டான். கடைசியில் படிந்தது.

மிச்சத்தைச் சாக்கில் போட ஆரம்பித்தான்.

கேரியரும் உள்ளே போனது.

அவள் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"ஏம்ப்பா, கொசுறு?"

அவன் திருதிருவென்று விழித்தான். "என்னக்கா, கறிகாயா வாங்குறீங்க?"

"கால் ஆடுற பெட்டிக்கு இவ்வளவு குடுத்திருக்கேன். ஏதாவது போடுப்பா."

சாக்கைத் துழாவினான். ஒரு கரண்டி வந்தது.

வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மறுபடி துழாவினான். கேரியர் வந்தது.

"பேர் வெட்டுன பாத்திரம். அதுவும் தப்புத் தப்பா. எடைக்குத்தான் போகும். வச்சுக்குங்க, தொலையட்டும்."

"சரி, வை" என்றாள். சின்னதாக ஒரு கொட்டாவியும் விட்டாள்.

அவன் செருப்புச் சத்தம் படியிறங்கி முடியும்வரை காத்திருந்தாள். பிறகு கேரியரை மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள். சிரிப்புதான் வந்தது. அடக்கவே முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். வெற்றிலைப் பெட்டியைப் பார்த்ததுமே அவர் கண் விரிந்தது. பாவம், அவருக்கு மறைக்கத் தெரியவில்லை. கால் ஆடுவதைச் சொல்லித்தான் விற்றாள். அதுதான் அழகு என்றார்.

காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

அவர் போகவில்லை. ஸ்டூலில் இருந்ததைக் காட்டினார்.

"இவ்வளவு வாங்கியிருக்கேன். அந்த கேரியரைக் கொசுறா குடுங்களேன், மேடம்."

"கொசுறு குடுக்குற வழக்கமெல்லாம் இந்தக் கடையில இல்லீங்க" என்றாள்.

மேலடுக்கைத் திறந்தாள். புளியோதரை கமகமவென்று இருந்தது.