சாகாத உயிருக்கு ஒரு கோட்

கீழ்த்தளத்தில் கண்ணாடி உடைந்தது. அடுத்த நொடி, திருட்டு அலாரம் வீட்டையே தூக்குகிற மாதிரி அலறியது.

மாடி அறையில் அம்மா சட்டென்று கதவைத் தாழிட்டாள். மகன் போலீசுக்குப் போன் செய்தான். விலாசம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அலாரம் நின்றுபோனது.

"யாரோ நம்பர் போட்டு நிறுத்திட்டாங்க சார்."

"நம்பர் யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். சின்ன வயசுல ஆடின வீடியோ கேமோட ரகசிய கோட் நம்பர் சார். அதைப் போட்டா எத்தனை அடி வாங்கினாலும் உயிர் போகாது."

"எல்லாத்துக்கும் அதையே வைக்காதேன்னு எத்தனை தடவை அடிச்சுக்கிட்டேன்," என்று அம்மா கிசுகிசுத்தாள்.

"அந்த கேம் ஆடின எல்லாருக்கும் தெரியுமே," என்றார் போலீஸ்காரர். "கதவைத் திறக்காதீங்க. வந்துட்டே இருக்கோம்."

மாடிப்படியில் காலடிச் சத்தம் நிதானமாக ஏறி வந்தது.

மகன் போனை வைத்துவிட்டுத் தாழ்ப்பாளில் கை வைத்தான். அம்மா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"பைத்தியமாடா உனக்கு?"

"கேம்ல கோட் ஆறு நம்பர்தாம்மா. கடைசில ஒரு ஒன்பதைச் சும்மா சேர்த்து அடிக்கிறது தம்பியோட பழக்கம். அலாரத்துக்கு நான் வெச்சது அவன் அடிக்கிற கோட். கடல்ல காணாமப் போனவனுக்கு நாம வெறும் பெட்டியைத்தானேம்மா புதைச்சோம்?"