கைப்பிடி அரிசி

அன்று மத்தியானம் வீட்டில் இருந்தவர்கள் பெரியவர், அவர் மனைவி அன்னப்பழம், மருமகள் ஜெபக்கனி, உள் அறைக் கட்டிலில் மகன் அருமைராஜ். வேறு யாரும் இல்லை.

அவர் ஜெபத்தை முடித்துத் தட்டில் கை வைத்தார்.

கை நின்றது.

சோற்றில் சிவப்பு இருந்தது. வெள்ளை இருந்தது. தடித்த ரேஷன் அரிசியும் இருந்தது. ஒன்று குழைந்திருந்தது. ஒன்று வேகவே இல்லை.

யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊர்ப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லா வீட்டு அரிசியும் கோவிலில் ஒரே சாக்கில் விழும். பிறகு இல்லாத வீட்டுக்குப் போகும். எந்த வீட்டுக்கு என்று சொல்லும் இடத்தில் அவர் அப்பா இருந்தார். அப்பாவுக்குப் பிறகு அவர் இருந்தார்.

இல்லாத வீடு.

மகன் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்ததும் வயல் போனது. அடுத்து மாடு. அடுத்து ஜெபக்கனியின் வளையல். ஒவ்வொன்றுக்கும் அவர் முழங்காலில் நின்றார். எழும்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தேய்த்த வேட்டியோடு முன் வரிசையில்தான் உட்கார்ந்தார்.

“யார் கொண்டுவந்தது?”

“கோவில் உபதேசியார் சம்சாரம்,” என்றாள் அன்னப்பழம். “பின்வாசல் வழியா.”

பின்வாசல்.

அதுவும் அவர் செய்த ஏற்பாடுதான். வாங்குகிறவர் முகம் வாடக்கூடாது, அரிசி பின்வாசல் வழியாகவே போகட்டும் என்று சபையில் எழுந்து நின்று சொன்னவர் அவர்.

முறத்தில் போட்டுச் சிவப்பையாவது பொறுக்கியிருக்கலாம். அன்னப்பழத்துக்குத் தெம்பில்லை போலும்.

அவர் தட்டைத் தள்ளினார்.

“மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு வாரேன். இது கொடுக்கிற வீடு.”

ஜெபக்கனி உள் அறை வாசலில் நின்றாள். கையில் காலித் தட்டு.

“மாமா, அவங்க ரெண்டாந்தரம் சோறு கேக்காங்க. இல்லைன்னு நீங்களே போயிச் சொல்லிருங்க.”

கட்டிலில் விழுந்த நாளிலிருந்து அருமைராஜ் எதையும் கேட்டுச் சாப்பிட்டதில்லை.

“எம்மா, சோறு நல்லாத்தான இருக்கு,” உள்ளேயிருந்து குரல் வந்தது. “படுத்தே கிடக்கேன், பல்லுக்காவது ஒரு வேலை வேண்டாமா?”

யாரும் சிரிக்கவில்லை.

அவர் எழுந்து அடுக்களைக்குள் போனார். சாக்கு மூலையில் இருந்தது. பாதிகூட இல்லை. குனிந்து அதன் வாயைப் பிடித்தார்.

பக்கத்தில் கைப்பிடி அரிசி போடும் சின்னப் பானை. மாதக்கணக்காகக் கவிழ்ந்து கிடக்கிறது என்றுதான் நினைத்திருந்தார். நிமிர்ந்து இருந்தது.

மூடியை எடுத்தார்.

அடியில் ஒரு பிடி அரிசி. சிவப்பு, வெள்ளை, தடித்தது.

“இது?”

“உலை வச்சேன்லா,” என்றாள் அன்னப்பழம். “ஒரு பிடி எடுத்துப் போட்டேன்.”

“அவங்க அரிசிய அவங்களுக்கேவா?”

“பிறகு? வயல் விளைஞ்சப்போ மட்டும் அது யாரு அரிசியாம்?”



அவர் பானையை மூடினார். சாக்கின் வாயைக் கட்டினார், எறும்பு ஏறாதபடி. இருந்த இடத்திலேயே அதைச் சாய்த்து வைத்தார்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். தட்டை இழுத்துக்கொண்டார். மறுபடியும் தலை குனிந்தார்.

ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு ஜெபம் அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை. இரண்டாவதில் சத்தம் வரவில்லை.

வேகாத அரிசியை அவர் மெல்ல மென்றார்.

கோவில் அரிசி என்று தெரியாமல்தான் பெரியவர் சாப்பிட்டார், வீட்டுப் பெண்கள் மறைத்துவிட்டார்கள் என்று ஊரில் இன்றும் ஒரு பேச்சு உண்டு. மரியாதைக்காகச் சொல்வது.

அது தவறு. தெரிந்தே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சின்னப் பானையைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, முன்வாசல் வழியாகக் கோவிலுக்குப் போனார்.